விலாங்குக் குஞ்சின் உடம்பில் தீவனம் எதை மாற்றும், எதை மாற்றாது?

கேள்வி இதுதான்: இளம் விலாங்கு மீன்களுக்குக் கொடுக்கும் தீவனத்தை மாற்றினால் அவற்றின் உடம்பில் உள்ள தண்ணீர், புரதம், கொழுப்பு, சாம்பல் (எரித்தபின் மிஞ்சும் தாதுக்கள்) ஆகியவற்றின் அளவு, அதாவது உடம்பின் சேர்மானம், எவ்வளவு மாறும்? புரதத்தைக் கூட்டினால் சதை கூடுமா? எண்ணெயைக் கூட்டினால் வெறும் கொழுப்புதான் ஏறுமா? மாவுச்சத்து விலாங்குக்கு ஆகுமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீவனம் மாறினால் கொழுப்பு நிறைய மாறும். கொழுப்பு ஏறும்போது தண்ணீர் இறங்கும், கொழுப்பு கரையும்போது தண்ணீர் ஏறும். புரதமும் சாம்பலும் மீன் எவ்வளவு பெரிதாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தவை, தீவனம் அவற்றின் விகிதத்தை அசைப்பது கொஞ்சம்தான். ஆனால் அந்தப் புரதம் எத்தனை நாளில் சேரும், மீன் எவ்வளவு வேகமாக வளரும் என்பதெல்லாம் தீவனத்தின் கையில். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விஷயத்தில் பாதிச் சச்சரவு வருகிறது.

இனி விரிவாகப் பார்ப்போம்.

விலாங்குக் குஞ்சு நம் தொட்டிக்கு வரும்போதே ஒரு விசித்திரமான உடம்போடு வருகிறது. கடலில் அதன் லார்வாவுக்கு லெப்டோசெபாலஸ் என்று பெயர். தட்டையாக, இலை மாதிரி, கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் உடம்பு. உள்ளே பெரும்பகுதி தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் கூழ். எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். கரையை நெருங்கும்போது அது உருமாறிக் கண்ணாடி விலாங்கு ஆகிறது. கூழ் கரைந்து, தண்ணீர் வெளியேறி, உடம்பு நீளத்திலும் சுருங்கி உருளை வடிவத்துக்கு வருகிறது. இந்த உருமாற்றக் காலத்தில் அது எதையும் தின்பதில்லை. லார்வாப் பற்கள் விழுந்துவிடும், குடல் புதிதாக அமைந்துகொண்டிருக்கும். ஆக, நாம் கையில் எடுக்கும் கண்ணாடி விலாங்கு பட்டினியில் இருந்து வந்தது. ஐரோப்பிய விலாங்கு என்றால் சுமார் 7 செ.மீ. நீளம், 0.3 கிராம் அளவு எடை, ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 3,000 குஞ்சு நிற்கும். ஜப்பானிய விலாங்கு இன்னும் சிறியது. உடம்பில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், கொழுப்பு மிகக் குறைவு.

இந்தக் கொஞ்சக் கொழுப்பே அதன் நடத்தையையும் தீர்மானிக்கிறது. பிரான்ஸின் ஜிரோந்து முகத்துவாரத்துக் கண்ணாடி விலாங்குகளை வைத்து நடந்த ஆய்வுகளில், உடம்பு தேறியிருப்பவை நன்னீரைத் தேடி ஆற்றுக்குள் ஏற முனைவதும், மெலிந்தவை உப்பு நீரிலேயே தங்க முனைவதும் தெரிந்தது. ஆற்றை எதிர்த்து நீந்த எரிபொருள் வேண்டுமே. எனவே எந்தச் சோதனையையும் தொடங்குமுன், வந்த குஞ்சுகளின் சேர்மானத்தை அளந்து வைத்துக்கொள்வது கட்டாயம். பருவத்தின் தொடக்கத்தில் பிடித்தவையும் கடைசியில் பிடித்தவையும் ஒரே நிலையில் இருப்பதில்லை.

முதல் தீவனம் தனி அத்தியாயம். கண்ணாடி விலாங்கு உலர் தீவனத்தை எடுத்த எடுப்பில் ஏற்காது. ஐரோப்பாவில் காட் மீனின் சினையை வைத்துப் பழக்குவார்கள், கிழக்காசியாவில் டியூபிஃபெக்ஸ் புழு பழைய வழக்கம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மீன்தூள் கலந்த குழைமாவுத் தீவனத்துக்கு மாற்றுவார்கள். சினைக்கு அப்படி என்ன மகிமை என்றால், அதன் கொழுப்பில் பெரும்பங்கு பாஸ்போலிப்பிட், அதாவது செல்சவ்வைக் கட்டும் கொழுப்பு, அதிலும் டி.எச்.ஏ. என்னும் நீண்ட கொழுப்பு அமிலம் நிறைய. புதிதாகச் செல் கட்டிக்கொண்டிருக்கும் உடம்புக்கு அதுதான் செங்கல். புழுவில் புரதம் உண்டு, மணமும் உண்டு, குஞ்சு ஆசையாகத் தின்னும். ஆனால் டி.எச்.ஏ. அதில் மிகக் குறைவு. இரண்டிலும் குஞ்சு வளரும், உடம்புக்குள் சேரும் கொழுப்பின் வகைதான் வேறாக இருக்கும். புழுவோடு நோய் வரும் ஆபத்தையும் கணக்கில் எடுத்தால் என் ஓட்டு சினைக்குத்தான்.

சரி, கொழுப்புக்கு வருவோம். முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

விலாங்கு கொழுப்பைச் சேமிக்கவே பிறந்த மீன். காட் போன்ற மீன்கள் கொழுப்பைக் கல்லீரலில் வைக்கும், சதை வெளுத்து மெலிந்தே இருக்கும். விலாங்கு சதைக்குள்ளேயும் தோலுக்கு அடியிலேயும் வைக்கிறது. குஞ்சுப் பருவத்தில் எடையில் சில சதவீதமாக இருக்கும் கொழுப்பு, வளர வளர ஏறி, முட்டையிடக் கடலுக்குத் திரும்பும் வெள்ளி விலாங்குப் பருவத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை போகும். ஆக, நல்ல தீனியும் இதமான சூடும் கிடைத்தால் கொழுப்பு சேர்ப்பது அதன் இயல்பு, நோய் இல்லை. தீவனத்தில் எண்ணெயைக் கூட்டினால் அந்த இயல்பு வேகமெடுக்கிறது. தீவனத்தின் மொத்த ஆற்றல் தேவைக்கு மேல் போனாலும் இதே விளைவுதான். அதே தீவனத்தையே கூடுதலாகப் போட்டாலும் கொழுப்பு ஏறும். எனவே 'எந்தத் தீவனம்' என்று கேட்கும்போதே 'எவ்வளவு போட்டீர்கள்' என்றும் கேட்க வேண்டும். ஒரு குழுவுக்கு வயிறு நிறையவும் இன்னொரு குழுவுக்கு அளந்தும் போட்டுவிட்டு வித்தியாசத்தைத் தீவனத்தின் கணக்கில் எழுதிய முடிவுகளை நம்பாதீர்கள்.

இப்போது சதவீதத்தில் இருக்கும் பொறியைப் பாருங்கள். கணக்குக்குச் சுலபமாக 100 கிராம் எடையுள்ள ஒரு விலாங்கை எடுத்துக்கொள்வோம். அதில் 75.5 கிராம் தண்ணீர், 16 கிராம் புரதம், 6 கிராம் கொழுப்பு, 2.5 கிராம் சாம்பல். இது ஒரு கற்பனை மீன்தான். இதற்கு 8 கிராம் கொழுப்பு மட்டும் கூடுகிறது என்று வையுங்கள், வேறு எதுவும் மாறவில்லை. எடை 108 கிராம். கொழுப்பு 6 சதவீதத்திலிருந்து 13 சதவீதம் ஆகிறது. தண்ணீர் 75.5இலிருந்து 70க்கு இறங்குகிறது. புரதம் 16இலிருந்து 14.8. உலர் எடையில் கணக்கிட்டால் இன்னும் பயமுறுத்தும்: புரதம் 65 சதவீதமாக இருந்தது 49 சதவீதமாக 'விழுந்துவிட்டது'. உண்மையில் அந்த மீன் ஒரு கிராம் புரதத்தைக்கூட இழக்கவில்லை.

ஆய்வறிக்கைகளில் 'எண்ணெய் கூடிய தீவனம் உடல் புரதத்தைக் குறைத்தது' என்று ஒரு வரி அடிக்கடி வரும். அதில் பெரும்பாலானவை இந்தக் கணக்கு விளையாட்டுதான். கொழுப்பைக் கழித்துவிட்டு மிச்ச உடம்பை மட்டும் பார்த்தால் தண்ணீருக்கும் புரதத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பது தெரியும். மீன் பெரிதாகப் பெரிதாக அந்த விகிதம் மெதுவாகப் புரதத்தின் பக்கம் சாயும். அதனால்தான் 5 கிராம் குஞ்சையும் 20 கிராம் குஞ்சையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. நல்ல தீவனம் தின்ற குழு சோதனை முடிவில் பெரிதாக இருக்கும், பெரிதாக இருப்பதாலேயே அதன் சேர்மானம் வேறாக இருக்கும். தீவனத்தின் விளைவு எவ்வளவு, அளவின் விளைவு எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால், ஒரே எடைக்கு வந்தபிறகு எடுத்த மாதிரிகளை ஒப்பிட வேண்டும்.

புரதத்துக்கு வருவோம். விலாங்கு ஊனுண்ணி. ஜப்பானிய விலாங்குக்குத் தீவனத்தில் சுமார் 44–45 சதவீதம் புரதம் தேவை என்று 1970களின் தொடக்கத்தில் கேசீன் என்னும் பால்புரதத்தை அடிப்படையாகக் கொண்ட சுத்திகரித்த தீவனங்களை வைத்துக் கண்டறிந்தார்கள். அதே காலத்தில்தான் மற்ற மீன்களைப் போல விலாங்குக்கும் பத்து அமினோ அமிலங்கள் வெளியிலிருந்து கிடைத்தாக வேண்டும் என்பதும் உறுதியானது. பண்ணைத் தீவனங்கள் இன்றும் ஏறக்குறைய 45 முதல் 50 சதவீதத்தில்தான் நிற்கின்றன, கண்ணாடி விலாங்குக்கான முதல் தீவனத்தில் இன்னும் சற்று அதிகம்.

இதற்குக் கீழே போனால் வளர்ச்சி மந்தமாகும். வளர்ச்சி மந்தமானாலும் ஆற்றல் கிடைத்துக்கொண்டே இருப்பதால், சதை கட்ட முடியாத மீன் கொழுப்பைக் கட்டும். புரதம் குறைந்த தீவனத்தில் மீன் சிறிதாகவும் அதே நேரம் கொழுத்தும் இருப்பதற்குக் காரணம் இதுதான். மேலே போனால்? 45க்குப் பதில் 60 சதவீதம் போட்டால் சதை அந்த அளவுக்குக் கூடாது. மிஞ்சிய அமினோ அமிலங்களிலிருந்து நைட்ரஜன் பிரிந்து அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறும், மிச்சம் எரிபொருளாகவோ கொழுப்பாகவோ மாறும். விலை உயர்ந்த மீன்தூளை விறகாக எரிப்பது அது, தொட்டித் தண்ணீரும் கெடும். அதனால்தான் தீவனம் தயாரிப்பவர்கள் எண்ணெயை ஓரளவு கூட்டிப் புரதத்தைச் சதைக்கு மிச்சப்படுத்தப் பார்க்கிறார்கள். அந்த உத்தி வேலை செய்யும், ஒரு வரம்பு வரை. அதற்கப்பால் எண்ணெய் புரதத்தை மிச்சப்படுத்தாது, உடம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு சிக்கல், ஆற்றல் நிறைந்த தீவனத்தில் மீன் சீக்கிரம் திருப்தியடைந்து குறைவாகத் தின்னும். அப்போது சதவீதத்தில் போதுமான புரதம் இருந்தும் வயிற்றுக்குள் போகும் மொத்தப் புரதம் குறைந்துவிடலாம். புரதத்துக்கும் ஆற்றலுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மாவுச்சத்து விஷயத்தில் விலாங்கு கொஞ்சம் வியப்பான மீன். ஊனுண்ணிக்கு மாவு எதற்கு என்று தோன்றும். ஆனால் விலாங்குத் தீவனத்தில் வேகவைத்துக் கூழ்த்தன்மை ஏற்றிய உருளைக்கிழங்கு மாவு பல பத்தாண்டுகளாக இருக்கிறது, பெரும்பாலும் 20 சதவீதத்தை ஒட்டி. முதற்காரணம் பசைதான். விலாங்குக்குத் தண்ணீரில் கரையாத குழைமாவு பிடிக்கும். வேகவைத்த மாவை அது ஓரளவு நன்றாகவே செரித்தும்விடுகிறது, பச்சை மாவு என்றால் பெரும்பகுதி அப்படியே வெளியே போகும். செரித்த மாவு குளுக்கோஸாகி இரத்தத்தில் ஏறும். மீன்களுக்கு அதை இறக்குவது மெதுவான வேலை. கல்லீரலில் கிளைகோஜனாக, அதாவது சேமிப்பு மாவுச்சத்தாகச் சேரும், கல்லீரல் பெரிதாகும், ஒரு பகுதி கொழுப்பாக மாறும். ஆகையால் மாவுச்சத்து கூடிய தீவனத்தின் தடயத்தை முழு உடம்பில் தேடுவதைவிடக் கல்லீரலின் எடையையும் கிளைகோஜனையும் அளந்து பார்ப்பது நல்லது. முழு உடம்பில் கார்போஹைட்ரேட் ஒரு சதவீதம்கூடத் தேறாது.

எவ்வளவு கொழுப்பு என்பதோடு எந்தக் கொழுப்பு என்பதும் சேர்மானத்தில் அடங்கும். இங்கே தீவனத்தின் பிடி இன்னும் இறுக்கம். மீனெண்ணெய் கொடுத்த மீனின் சேமிப்புக் கொழுப்பில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் தெரியும். சோயா எண்ணெய் கொடுத்தால் லினோலெயிக் அமிலம் என்னும் ஒமேகா-6 வகை ஏறும். சில வாரங்களிலேயே தீவனத்தின் சாயல் உடம்பில் விழுந்துவிடும். ஆனால் இது சேமிப்புக் கொழுப்பின் கதை. செல்சவ்வுகளில் இருக்கும் பாஸ்போலிப்பிட் அவ்வளவு எளிதாக மாறாது, தனக்கு வேண்டிய டி.எச்.ஏ.யை முடிந்தமட்டும் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டையும் பிரிக்காமல் மொத்தக் கொழுப்பாக ஆராய்ந்தால் கொழுத்த மீனில் சேமிப்பின் குரல் மட்டுமே கேட்கும். எந்த எண்ணெய் கொடுத்தாலும் விலாங்கில் ஓலெயிக் அமிலம் தாராளமாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள், அதைத் தீவனத்தின் வேலை என்று எழுதிவிட வேண்டாம்.

அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்களில் விலாங்குக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ரெயின்போ டிரவுட்டுக்கு ஒமேகா-3 வகைதான் முக்கியம், திலாப்பியாவுக்கு ஒமேகா-6. ஜப்பானிய விலாங்குக்கு இரண்டும் வேண்டும், தீவனத்தில் லினோலெயிக் (ஒமேகா-6) அரை சதவீதம், லினோலெனிக் (ஒமேகா-3) அரை சதவீதம் என்று 1980இல் வந்த ஆய்வு காட்டியது. கடலில் பிறந்து நன்னீரில் வளரும் மீனுக்கு இது பொருத்தமாகத்தான் படுகிறது. நன்னீர்ப் பூச்சிப் புழுக்களில் ஒமேகா-6 கூடுதல், கடல் உணவில் ஒமேகா-3 கூடுதல். இயற்கையில் வளரும் குஞ்சு ஆற்றுக்குள் ஏறியதும் அதன் கொழுப்பின் சாயலும் அதற்கேற்ப நகர்கிறது.

சாம்பலைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. எலும்பின் அளவைக் காட்டும் எண் அது, எடையில் இரண்டு மூன்று சதவீதம். பாஸ்பரஸ் குறைந்தால் மட்டும் கவனிக்க வேண்டும். எலும்பு கட்டாமல் சாம்பல் குறையும், கூடவே கொழுப்பும் ஏறக்கூடும். மீன்தூளைக் குறைத்துத் தாவரப் புரதம் சேர்க்கும்போது இது நடக்கலாம், தாவரங்களின் பாஸ்பரஸில் பெரும்பங்கு ஃபைட்டேட் என்னும் செரிக்காத வடிவில் இருந்து மீனுக்குக் கிடைக்காமல் போகிறது. எண்ணெய் கூடிய தீவனத்துக்கு வைட்டமின் ஈ-யும் கூட வேண்டும். கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும் எண்ணெயைப் போட்டுவிட்டு மெலிவுக்கு வேறு காரணம் தேடுவது வீண். பச்சை மீனைப் பிரதானத் தீனியாக வைத்தால் சில மீன்களில் உள்ள தயாமினேஸ் நொதி தயாமினை (வைட்டமின் பி1) அழித்துவிடும் என்பதும் பழைய பாடம்.

இன்னொன்று, விலாங்குத் தொட்டியில் சராசரி என்பது ஏமாற்றுப் பேர்வழி. ஒரே நாளில் வந்த குஞ்சுகளில் சில வெறிபிடித்துத் தின்று பெருத்துவிடும், சில மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். பெரியவை சிறியவற்றைக் கடிக்கும், தின்றும்விடும். பண்ணைகளில் அடிக்கடி அளவு பிரித்துத் தனித்தனித் தொட்டியில் விடுவது இதற்காகத்தான். சேர்மானம் அளக்க ஒரு தொட்டியிலிருந்து பத்து மீனை அரைத்துக் கலந்தால், நன்றாகத் தின்ற மூன்றும் தின்னவே தின்னாத ஏழும் சேர்ந்து இல்லாத ஒரு நடுத்தர மீனைக் காட்டும். கண்ணாடி விலாங்கு அத்தனை சிறிது என்பதால் கலக்காமல் முடியாதுதான், ஆனால் குஞ்சு 5 கிராம் தாண்டியபின் தனித்தனியாக அளக்க முடிந்தால் அளங்கள். தண்ணீர் அளவு மட்டுமாவது ஒவ்வொரு மீனிலும் பாருங்கள். அடுப்பில் 105 டிகிரியில் உலர்த்தினால் போதும், கொழுப்பு சுமாராக எவ்வளவு என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். தண்ணீரும் கொழுப்பும் அவ்வளவு ஒழுங்காக எதிரெதிரே போகின்றன.

பட்டினியையும் இதே கோணத்தில் பார்க்கலாம். விலாங்கு நெடுநாள் பட்டினி தாங்கும். எடை மெதுவாகத்தான் குறையும், ஏனென்றால் கரைந்த கொழுப்பின் இடத்தில் தண்ணீர் வந்து உட்காரும். தராசை மட்டும் நம்பினால் மீன் சுமாராக இருப்பதுபோலத் தோன்றும், உள்ளே சரக்கு தீர்ந்திருக்கும். தண்ணீர் குளிர்ந்தாலும் பசி அடங்கிவிடும். எனவே சூட்டைக் குறிக்காத தீவனச் சோதனைக்குப் பெரிய மதிப்பு இல்லை. ஐரோப்பிய விலாங்குக்குச் சுமார் 23–26 டிகிரி, ஜப்பானிய விலாங்குக்கு 28 டிகிரியை ஒட்டி, இதுதான் பண்ணை வழக்கம்.

தீவனம் சேர்மானத்தோடு நிற்காமல் உருவத்தையும் தொடுகிறது. இதை விடாமல் சொல்ல ஆசை. ஐரோப்பிய விலாங்கில் அகன்ற தலை, குறுகிய தலை என இரு வகை உண்டு. மீனையும் நண்டு வகைகளையும் பிடித்துத் தின்பவை அகன்ற தலையோடும், மெத்தென்ற புழு பூச்சிகளைத் தின்பவை குறுகிய தலையோடும் காணப்படும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ணாடி விலாங்குகளை இரண்டாகப் பிரித்துக் கடினமான தீனியும் மென்மையான தீனியும் கொடுத்து வளர்த்தார்கள். கடினமானதைத் தின்றவற்றின் தலை அகன்றது, தாடைத் தசையும் பருத்தது. பாலினமும் பிறவியில் நிச்சயமானதில்லை. நெருக்கமாக வளரும் பண்ணையில் பெரும்பாலும் ஆண்களே தேறும், சோயாவில் உள்ள, பெண் ஹார்மோனைப் போல வேலை செய்யும் ஐசோஃபிளேவோன்களைத் தீவனத்தில் சேர்த்து ஜப்பானில் பெண்களாக்கிக் காட்டியிருக்கிறார்கள். பெண் பெரிதாக வளரும் என்பதால் அதுவும் கடைசியில் உடம்பின் கணக்கில்தான் சேர்கிறது.

லார்வாப் பருவத்தில் மட்டும் இந்தப் பாடங்களை அப்படியே பொருத்த முடியாது. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விலாங்கின் முழு வாழ்க்கைச் சுழற்சியையும் தொட்டிக்குள் முடித்துக் காட்டினார்கள். லார்வாவுக்குக் கொடுத்தது சுறா முட்டைக் கூழ். கொழுப்பு நிறைந்த உணவு அது. கடலில் அந்த லார்வா தின்பதோ மேலிருந்து உதிரும் மட்கிய துகள்களை, கொழுப்பு குறைந்த சரக்கை. சுறா முட்டையில் வளர்ந்தவை உருமாறக் கடலில் ஆவதைவிட நெடுநாள் பிடித்தன.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: குஞ்சு கொழுப்பது நல்லதா? யாருக்கு என்பதைப் பொறுத்தது. சந்தைக்குப் போகும் மீனுக்கு ஓரளவு கொழுப்புதான் சுவை. கடலுக்குத் திரும்பும் மீனுக்கு அது உயிர். வெள்ளி விலாங்கு தின்பதை நிறுத்திவிட்டு ஐரோப்பாவிலிருந்து, அது முட்டையிடும் அட்லாண்டிக்கின் சர்காசோ கடல்வரை 5,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்துகிறது. நெதர்லாந்தின் லைடனில் நீச்சல் குழாய்க்குள் 173 நாள் நீந்தவிட்ட விலாங்குகள் 5,500 கிலோமீட்டர் கடந்து, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தன. அதற்குப் பிறகும் முட்டைக்குக் கொழுப்பு மிஞ்ச வேண்டும். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் ஆற்று விலாங்குகளின் சராசரிக் கொழுப்பு 21 சதவீதத்தை ஒட்டி இருந்தது, ஏறக்குறைய 15 ஆண்டுகளில் 13 சதவீதத்தை ஒட்டி இறங்கியதாக 2009இல் வெளிவந்த ஆய்வு சொன்னபோது பலர் கவலைப்பட்டது அதனால்தான். ஆற்றில் விடுவதற்காகக் குஞ்சு வளர்ப்பவர் என்றால் மீனெண்ணெயைக் குறைத்துத் தாவர எண்ணெயை நிரப்புவதைக் குஞ்சு பிடித்த முதல் மாதங்களிலாவது தவிர்க்கலாம் என்பது என் கருத்து. விற்பனைக்கு வளர்ப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர் நடுப்பருவத்தில் மலிவான எண்ணெயில் ஓட்டிவிட்டு, அறுவடைக்கு முந்தைய வாரங்களில் மீனெண்ணெய்த் தீவனத்துக்கு மாற்றினால் சேமிப்புக் கொழுப்பின் சாயலைப் பெருமளவு மீட்டுக்கொள்ளலாம்.